பேர்கர் விட்டுச் சென்ற சந்தேகம்

"தலைக்குக் கறண்ட் குடுக்கப் போறியளோ?" மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்க வருபவர்கள், குறிப்பாக வயதான அம்மாமார், முதலில் கேட்பது இதைத்தான். "இல்லையம்மா, நாங்கள் ஒண்டும் குடுக்கிறேல்லை. உங்கட மூளையில இருந்து வாறதைத்தான் எடுக்கிறம்" என்பதே சரியான பதில். ஆனால் அந்தப் பதிலின் இரண்டாவது பாதி அவ்வளவு இலேசாகச் சொல்லிவிடக்கூடியதல்ல. எடுப்பது மூளையிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரியும்?

அளவுகளைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். கண்ணை மூடியிருக்கும் ஒருவரின் பின்தலையில் பதிவாகும் அலையின் வீச்சம் பெரும்பாலும் 20 முதல் 60 மைக்ரோவோல்ற் வரை. இதயத்தின் ஈ.சி.ஜி. மார்பில் ஏறத்தாழ 1 மில்லிவோல்ற். பல மடங்கு பெரிது. ஒருமுறை கண் சிமிட்டினால் நெற்றியில் 100 மைக்ரோவோல்ற்றுக்கு மேலே பாயும். அறைச் சுவருக்குள் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 50 அலைவு) ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் மூளையின் பங்கைப் பிரித்தெடுத்து, மனிதரில் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜேர்மனியின் யேனா நகர மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பேர்கர். அவருடைய பெயரைச் சொன்னதும் எல்லோரும் கண்ணை மூடியதும் எழும் அந்த அல்பா அலையைச் சொல்வார்கள். எங்கள் கணக்கில் அதைவிடப் பெரிய சொத்து ஒன்று உண்டு: முதல் பதிவு 1924இல், முதல் கட்டுரை 1929இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் தான் கண்டதைத் தானே நம்பாமல் சோதித்த காலம்.

பேர்கர் 1873இல் பிறந்தவர். கீழைத்தேய மொழிகளிலிருந்து ஏராளமாக மொழிபெயர்த்த கவிஞர் ஃபிரீட்ரிஹ் ரூக்கேர்ட் அவருடைய தாய்வழிப் பாட்டன். இளமையில் படைப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து பீரங்கி வண்டியின் முன்னே விழுந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். அன்றே, தொலைவில் இருந்த தமக்கைக்கு மனம் பதைத்ததாம். வீட்டிலிருந்து நலம் கேட்டுத் தந்தி வந்தது. ஒரு மனதின் நிலை இன்னொரு மனதுக்குத் தாவியது என்றே கடைசிவரை நம்பினார். மனச் சக்தி உடலில் எந்த வடிவில் இருக்கிறது என்று தேடி, மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தார், வெப்பநிலையை அளந்தார், இரண்டிலும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவதாக எஞ்சியது மின். தவறான கேள்வி ஒன்று சரியான கருவியிடம் கொண்டுபோய்விட்ட கதைகளில் இதுவும் ஒன்று.

மூளையில் மின் இருக்கிறது என்பது அப்போதே பழைய செய்தி. லிவர்பூலில் ரிச்சர்ட் கேற்றன் 1875இல் முயல்களிலும் குரங்குகளிலும் திறந்த மூளையின் மேல், மின்னை எடுக்கும் முனைகளான மின்வாய்களை வைத்து அதைக் கண்டிருந்தார். 1890இல் போலந்தின் அடோல்ஃப் பெக், விலங்கின் மூளையில் ஓயாது நடக்கும் அலைவு, ஒளி போன்ற தூண்டல் வந்ததும் அடங்கிவிடுவதைக் கவனித்தார். மனிதரில் இடைஞ்சல், மண்டையோடு. எலும்பும் தோலும் சமிக்ஞையை மங்கலாக்கிப் பரப்பிவிடும். பேர்கரிடம் இருந்த, மின்னோட்டம் அளக்கும் இழைக் கல்வனோமானியிலோ சமிக்ஞையைப் பெருக்கும் விரியலாக்கி கிடையாது. காந்தப் புலத்தில் தொங்கும் நுண்ணிய இழை, மின்னோட்டம் பாயும்போது விலகும். அதன் நிழல் ஓடும் புகைப்படத் தாளில் விழும். இழையை அசைக்க வேண்டிய ஓட்டம் முழுவதும் தலையிலிருந்தே வரவேண்டும். தோலின் தடை சற்று அதிகமானாலும் கோடு நேராகிவிடும்.

ஆகவே அவர் மண்டையோட்டில் இடைவெளி உள்ளவர்களைத் தேடினார். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஜேர்மனியில் அப்படியானவர்களுக்குக் குறைவில்லை. 1924 யூலை 6ஆம் திகதி, மூளைக் கட்டி இருக்கலாம் என்ற ஐயத்தில் எலும்பு அகற்றப்பட்டிருந்த 17 வயது இளைஞர் ஒருவரில் இழை மெல்ல அசைந்தது. பிறகு களிமண் மின்வாய்கள், தோலுக்குக் கீழே செலுத்திய ஊசிகள், வெள்ளித் தகடுகள் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். எலும்பு முழுமையாக உள்ளவர்களில், தன் மகன் கிளவுஸிலும் தன்னிலும் கூட, பதிவு செய்தார்.

சந்தேகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூளை ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் சற்று உப்பித் தாழும். மின்வாய் அதோடு அசைந்தால் அலைபோலத் தெரியும். அதனால் ஈ.சி.ஜி.யையும் அதே தாளில் சேர்த்துப் பதித்தார். நாடி நிமிடத்துக்கு 70 என்றால் செக்கனுக்கு ஒன்றை விடச் சற்று அதிகம், இவர் கண்ட அலையோ செக்கனுக்குப் பத்து. தோலின் மின்னா? தோலைத் தவிர்த்து ஊசியால் எடுத்தாலும் அலை இருந்தது. மூச்சா, கண்ணசைவா, தலைத்தோல் தசையா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்துப் பார்த்தார். தாளின் அடியில் நேரக் குறியாகச் செக்கனுக்குப் பத்துத் துடிப்புள்ள கோடு ஓடியது. வேகத்தைக் கண்மதிப்பில் விட்டுவிடவில்லை. 1929இல் வெளிவந்த கட்டுரைக்குப் பின் அதே தலைப்பில் தொடர்ந்து எழுதி, 1938 வரை மொத்தம் 14 அறிக்கைகள் தந்தார். ஏறத்தாழ 10 ஹேர்ட்ஸில் ஓடும் பெரிய அலைக்கு அல்பா என்றும், வேகமான சிறிய அலைக்கு பீற்றா என்றும் 1930இல் பெயரிட்டார். கண்ணைத் திறந்தால் அல்பா அடங்கும் என்பதும் அந்த இரண்டாம் அறிக்கையில் உண்டு.

மண்டையோட்டு இடைவெளி வழியே பதிவு செய்ததில் அவர் அறியாமல் ஒரு பாடமும் இருக்கிறது. எலும்பு இல்லாத இடத்தில் வீச்சம் கூடும், வேகமான அலைகள் கூர்மையாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் இது ஏட்டுச் செய்தி அல்ல. போர்க்காலக் காயத்தாலோ வீதி விபத்தாலோ மண்டையோட்டில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேர். அவர்களுடைய பதிவில் தழும்புக்கு மேலே தெரியும் கூர்மையை, வலிப்பைக் காட்டும் கூரிய முள்ளலை என்று வாசித்துவிட்டால் தேவையற்ற மாத்திரை ஆண்டுக்கணக்கில் போகும். தழும்பு எந்தப் பக்கம், எலும்பு திரும்ப வைக்கப்பட்டதா என்பதைத் தலையைத் தொட்டுப் பார்த்து, பதிவுத் தாளிலேயே எழுதிவைக்க வேண்டும். துணி கட்டியோ முடியை இழுத்து வாரியோ மறைத்துக்கொண்டு வருபவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

பேர்கரை உலகம் உடனே நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நோபல் பரிசு பெற்ற எட்கர் ஏட்றியனும் பிறயன் மத்தியூஸும் மீளச் செய்து பார்த்தபின்தான் நிலைமை மாறியது. ஏட்றியனின் தலையில் அல்பா நன்றாக வந்தது. மத்தியூஸின் தலையில் மிக அரிது. இருவருமே ஆரோக்கியமானவர்கள். அல்பா குறைவு என்பது நோயல்ல என்ற உண்மை முதல் மீள்சோதனையிலேயே கிடைத்துவிட்டது. நீர்வண்டு ஒன்றின் பார்வை நரம்புத் திரளிலும் ஒத்த தாளத்தைக் காட்டி, அல்பாவை ஆன்மாவின் துடிப்பாக்க நினைத்தவர்களின் வாயை அடைத்தார் ஏட்றியன். அல்பா மூளை முழுவதிலுமிருந்து எழுகிறது என்ற பேர்கரின் எண்ணமும் அங்கே தகர்ந்தது. அது பெரும்பாலும் பின்தலையில், பார்வைக்குரிய பகுதியை ஒட்டி எழுவது.

தலைத்தோலில் ஓர் அலை தெரிவதற்கு என்ன நடக்கவேண்டும்? தனி நரம்புக்கலம் ஒன்றின் துடிப்பு வெளியே வராது. மூளையின் மேற்பட்டையில் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும் கூம்பகக் கலங்கள் இலட்சக்கணக்கில், ஒரே நேரத்தில், தமக்கு வரும் நரம்பிணைப்பு மின்னழுத்தத்தால் ஏறியிறங்க வேண்டும். தேர் வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது அல்லவா, அப்படித்தான். வலிப்பின் முள்ளலை ஒன்று வெளியே தெரிவதற்கு 6 முதல் 10 சதுர சென்ரிமீற்றர் மேற்பட்டை சேர்ந்து இயங்கவேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். அதைவிடச் சிறிய இடத்தில் நடப்பது பதிவில் தெரியாமலே போகலாம்.

இனி, பேர்கரின் சந்தேகம் யாழ்ப்பாணத்து அறையொன்றில் என்ன வடிவம் எடுக்கிறது என்று பார்ப்போம்.

முதல் எதிரி எண்ணெய். தலைக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகிவிட்டு, "சுத்தமாத்தான் வந்திருக்கிறம்" என்பார்கள். எண்ணெய் மின்கடத்தாது. முதல் நாள் ஷாம்பு போட்டு முழுகி, தலையை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய், கிறீம், பூ எதுவுமின்றி வரவேண்டும். நெற்றியில் திருநீறும் சந்தனமும் இருக்கும் இடத்தில்தான் முன் மின்வாய்கள் இரண்டும் வரும். துடைக்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுத் துடைப்பது மரியாதை. காதுச் சோணையிலும் மின்வாய் வைக்கவேண்டியிருப்பதால் தோட்டைக் கழற்றச் சொல்வோம்.

மின்வாய் வைக்கும் இடங்கள் 1958இல் ஹேர்பேர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட, தலையளவை 10, 20 சதவீதங்களாகப் பிரிக்கும் பத்து–இருபது முறைப்படி அளக்கப்படுகின்றன. கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பிடரி மேட்டுவரை உச்சி வழியாக நாடாவை வையுங்கள். 36 சென்ரிமீற்றர் என்றால் முதற் குறி 3.6இல், அடுத்தவை 10.8, 18, 25.2, 32.4இல். நடுக் குறியான 18, காதுக்குக் காது அளவின் நடுவோடும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் நாடா சாய்ந்திருக்கிறது, திரும்ப அளக்கவேண்டும். அவசரத்தில் கண்மதிப்பில் ஒட்டினால், இடப்பக்க இரண்டு மின்வாய்களின் இடைவெளி வலப்பக்கத்தை விடக் குறைந்துபோகும். இடைவெளி குறைந்தால் வீச்சமும் குறையும். இல்லாத நோய் ஒன்று இடப்பக்கத்தில் இருப்பதுபோலத் தாள் காட்டும்.

தோலைச் சற்று உரசி, பசை வைத்து ஒட்டியபின் ஒவ்வொரு மின்வாயின் தடையும் 5 கிலோ ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது. எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பது அதைவிட முக்கியம். விரியலாக்கி இரண்டு மின்வாய்களுக்கு இடையிலான வித்தியாசத்தையே பெருக்குகிறது. இரண்டுக்கும் பொதுவாக வரும் 50 ஹேர்ட்ஸ் கழிந்துபோகும். ஒன்று 3, மற்றது 30 கிலோ ஓம் என்றால் கழித்தல் சரிவராது, அந்த இரண்டும் சேர்ந்து தாளில் வரையும் வரியில் தடித்த கோடு விழும். இதில் ஒரு சுலபமான கண்டுபிடிப்பு உண்டு. ஒரு மின்வாய் சேரும் வரிகளில் மட்டும் 50 ஹேர்ட்ஸ் என்றால் அந்த மின்வாய் பிழை. எல்லா வரிகளிலும் என்றால் புவி மின்வாயைப் பாருங்கள், பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறும் தொலைபேசியைப் பாருங்கள். 50 ஹேர்ட்ஸை வடிகட்டும் வடியைப் போட்டு மறைப்பது கடைசி வழி. அது கோட்டை அழகாக்கும், கழன்ற மின்வாயையும் மறைத்துவிடும்.

பசை கூடினாலும் தொல்லைதான். அருகருகே உள்ள இரண்டு மின்வாய்களின் பசை ஒன்றோடொன்று தொட்டால் அவற்றுக்கிடையே வித்தியாசமே இராது; அந்த வரி செத்தவன் நாடிபோல நேராகிவிடும். சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் வியர்வையே அந்த வேலையைச் செய்துவிடும். வியர்வையின் உப்பு மின்வாயின் மின்னழுத்தத்தை மெல்ல மாற்றுவதால், வரிகள் இரண்டு மூன்று செக்கனுக்கு ஒருமுறை கடலலைபோல ஏறியிறங்கும். அறையைக் குளிராக்கி, நெற்றியைத் துடைக்கவேண்டும். மெதுவான அலைகளை நீக்கும் தாழ்மீடிறன் வடியின் எல்லையை உயர்த்தி அலையை வெட்டிவிடலாம் என்று கை போகும். வெட்டினால் கட்டியோ பக்கவாதமோ உள்ளவரின் உண்மையான மந்த அலையும் சேர்ந்து போகும். குளிராக்கி இல்லாமல் மின்விசிறியைப் போட்டால் தொங்கும் வயர்கள் ஆடி வேறொரு தாளத்தைப் பதிக்கும். வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, தோளருகே ஒட்டிவிட்டு, விசிறியைத் தலைக்கு நேரே இல்லாமல் கால்பக்கம் திருப்புங்கள்.

பதிவு தொடங்கியதும் முதலில் கேட்பது "கண்ணை மூடுங்கோ, திறவுங்கோ, மூடுங்கோ". பேர்கரின் 1930ஆம் ஆண்டுச் சோதனை அப்படியே இன்றுவரை நிற்கிறது. மூடியதும் பின்தலையில் அல்பா எழுந்து, திறந்ததும் அடங்கினால் நோயாளி விழித்திருக்கிறார், மின்வாய்கள் இடத்தில் இருக்கின்றன, இயந்திரம் வேலை செய்கிறது என்ற மூன்றும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். குழந்தையில் 8 ஹேர்ட்ஸை எதிர்பார்க்காதீர்கள். ஒரு வயதில் 6 ஹேர்ட்ஸ் அளவில் இருந்து, மூன்று வயதளவில் 8ஐ எட்டி, பத்து வயதை அண்டித்தான் 10 வரும். வளர்ந்தவரில் 8க்குக் கீழே நின்றால் முதலில் தூக்கக் கலக்கமா என்று பாருங்கள், பிறகு மருந்துப் பட்டியலைப் பாருங்கள்.

தேவையற்றவை இல்லாத பதிவு குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். நடுவே 3 நிமிடம் ஆழமாக மூச்சு விடச் சொல்வோம். கடும் ஆஸ்துமா, இதய நோய், அண்மையில் பக்கவாதம் வந்தவர்களுக்கு இது கூடாது. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைய, மூளைக் குருதிக்குழாய்கள் சுருங்கி மந்த அலைகள் எழும். வயிறு வெறுமையாக இருந்து சீனி குறைந்திருந்தால் அவை மிகையாகத் தெரியும். கந்தசஷ்டி விரதத்தோடு வந்து படுப்பவரின் தாளை வாசிப்பவர் இதை அறிந்திருக்கவேண்டும். அதைவிட, திகதியை விரதம் முடிந்தபின் வைப்பது மேல். தூக்கத்தில் எடுக்கவேண்டும் என்று குழந்தையை இரவிரவாக விழிக்கவைத்து நெடுந்தீவிலிருந்தோ பருத்தித்துறையிலிருந்தோ கொண்டு வருவார்கள். அது படகிலும் பஸ்ஸிலும் தூங்கி முடித்து, கட்டிலில் விளையாடும். பயணத்தில் தூங்கவிடாமல் ஒருவர் பக்கத்தில் இருந்து கதைகொடுத்துக்கொண்டே வருவது, ஒட்டும் பசையைப் போலவே பதிவின் பகுதி. வலிப்பு மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் அன்று நிறுத்தக்கூடாது.

"ஈ.ஈ.ஜி. நல்லம் எண்டு வந்திட்டுது" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் பதிவு சாதாரணமாகவே இருக்கும். மறுதலையாக, பதிவில் ஒரு கூர்மை தெரிந்தது என்பதற்காக மட்டும் ஒருவருக்கு வலிப்பு என்று முத்திரை குத்தவும் முடியாது. வலிப்பு என்பது நடந்ததைக் கண்டவர் சொல்லும் விவரத்தில் தீர்மானிக்கப்படுவது. விதிவிலக்காகப் பதிவே ஏறத்தாழ எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, பிள்ளை சில செக்கன்கள் வெறித்துப் பார்த்துத் திரும்பும் வலிப்பு வகை. அதன் செக்கனுக்கு 3 முள்–அலைத் தொடரை 1935இல் ஹார்வர்டில் கிப்ஸ், டேவிஸ், லெனொக்ஸ் ஆகியோர் காட்டினார்கள். மறு ஆண்டு கிறே வோல்ற்றர், கட்டி இருக்கும் இடத்துக்கு மேலே மந்தமான டெல்ற்றா அலைகளைக் கண்டார். பேர்கரின் கருவி வைத்தியசாலைக்குள் வந்தது இவர்களால்தான்.

அந்த மனிதரைப் பற்றி மறைக்கக்கூடாத பக்கமும் ஒன்று உண்டு. நாசிகளால் ஓரங்கட்டப்பட்ட அறிஞர் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தார். பின்னர் ஆவணங்களைத் தோண்டியவர்கள், அவர் நாசிகளின் எஸ்.எஸ். அமைப்பின் ஆதரவு உறுப்பினராக இருந்ததையும், கட்டாயக் கருத்தடை மேன்முறையீடுகளைத் தீர்த்த மரபுநல மேல் நீதிமன்றத்தில் அமர்ந்ததையும் காட்டினார்கள். 1933ஆம் ஆண்டின் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கருத்தடைக்குரியவை என்று பட்டியலிட்ட நோய்களில் பரம்பரை வலிப்பும் ஒன்று. வலிப்பை அடையாளம் காண உதவிய கருவியைத் தந்தவர், வலிப்புள்ளவரின் சந்ததியைத் தடுத்த ஏற்பாட்டிலும் பங்குகொண்டார். 1941இல் கடும் மனச்சோர்வில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சம்பந்தம் பேசும்போது வலிப்பை மூடி மறைக்கவேண்டியிருக்கும் எங்கள் சமூகத்தில், இந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்லத்தான் வேண்டும்.

அலைவுகளைப் பற்றிய ஆராய்ச்சி அவருக்குப் பின் மூளையின் ஆழத்துக்குப் போனது. தூக்கத்தில் எழும் கதிர்வடிவ அலைகளை, மூளையின் ஆழத்திலுள்ள தலமஸும் மேற்பட்டையும் சேர்ந்து எப்படி உண்டாக்குகின்றன என்பதை மிர்ச்சா ஸ்ரெரியாட் போன்றோர் கலம் கலமாகப் பிரித்துக் காட்டினர். 1989இல் சார்ள்ஸ் கிறேயும் வுல்ஃப் சிங்கரும், பூனையின் பார்வை மேற்பட்டையில் விலகியிருக்கும் கலங்கள் 40 ஹேர்ட்ஸ் அளவில் ஒத்திசைந்து துடிப்பதைக் கண்டார்கள். சிதறிய உணர்வுகளை ஒரே காட்சியாகக் கட்டுவது காமா எனப்படும் இந்த வேகமான அலையோ என்ற ஆர்வம் பெருகி, தலைத்தோலிலும் காமாவைத் தேடத் தொடங்கினர். தேடியவர்களுக்கு நிறையவே கிடைத்தது.

அங்கேதான், எடுப்பது மூளையிலிருந்துதான் வருகிறதா என்ற 1924இன் கேள்வி திரும்பவும் எழுந்தது. 2007இல் அடிலெயிட் ஆய்வாளர்கள், தன்னார்வலர்களின் தசைகளை மருந்தால் முழுதும் செயலிழக்கச் செய்து, செயற்கைச் சுவாசத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள். 20 ஹேர்ட்ஸுக்கு மேல் வழமையாகத் தெரிவதில் பெரும்பகுதி இல்லாமற் போயிற்று. அது நெற்றி, தாடை, கழுத்துத் தசைகளின் மின். பேர்கரின் பீற்றாவிலும் தசையின் பங்கு கலந்திருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. 2008இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள், படம் ஒன்றைக் காட்டிய 200–300 மில்லிசெக்கனில் எழும் புகழ்பெற்ற காமா வெடிப்பு, பெருமளவில் கண்ணின் நுண்ணசைவால் வருவது என்று காட்டினார்கள். மூளைக்குள் நேரே மின்வாய் வைத்து எடுத்த காமா இதனால் பொய்யாகவில்லை. தலைத்தோலிலிருந்து எடுத்ததுதான் ஆட்டங்கண்டது.

அண்மைக் காலச் சந்தேகம் இன்னும் நுட்பமானது. ஈ.ஈ.ஜி.யின் வலுவை மீடிறன்படி, அதாவது செக்கனுக்கு எத்தனை அலைவு என்ற வரிசையில், வரைந்தால், தாழ்மீடிறனில் உயர்ந்து மேலே போகப்போகச் சரியும் வளைகோடு வரும். அந்தச் சரிவு அலைவே இல்லாமலும் இருக்கும். எனவே "8 முதல் 12 வரையுள்ள வலு கூடிவிட்டது" என்றால் அல்பா கூடியதாகாது. சரிவின் சாய்வு மாறியிருந்தாலும் அந்த எண் கூடும். சரிவுக்கு மேலே மேடாக ஒரு முகடு நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். முகடு இல்லையென்றால் அலைவு என்று சொல்ல ஆதாரமில்லை.

தலைப்பட்டி வடிவிலான மலிவான ஈ.ஈ.ஜி. கருவிகளை வாங்கிச் செயற்திட்டம் செய்யும் பல்கலைக்கழக, உயர்தர மாணவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தியானத்தில் அல்பா, படிப்பில் பீற்றா என்று தொடங்குவதற்கு முன், பின்தலையில் மின்வாய் வைத்து, இரண்டு நிமிடம் மூடிய கண், இரண்டு நிமிடம் திறந்த கண் என்று நான்கைந்து முறை மாற்றி மாற்றி எடுங்கள். மூடியபோது மட்டும் 10 ஹேர்ட்ஸை அண்டி முகடு எழவேண்டும். உங்கள் நண்பர், அல்பா அரிதான மத்தியூஸைப் போன்றவராக இருந்தால் வேறொருவரில் எடுங்கள். நெற்றியில் மட்டும் மின்வாயுள்ள பட்டியானால் பெரும்பாலும் கண்ணையும் தசையையுமே அளப்பீர்கள். பிறகு பல்லைக் கடிக்கச் சொல்லி ஒரு நிமிடம், புருவத்தைச் சுருக்கச் சொல்லி ஒரு நிமிடம் பதியுங்கள். 20க்கு மேல் தசை எப்படித் தோன்றும் என்பதற்கு அதுவே உங்கள் மாதிரி. கடைசியாக, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிய நீத்துப்பூசணிக்காய் ஒன்றில் அதே பட்டியை மாட்டி, அதே மேசையில், அதே அமைப்பில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பூசணிக்காயிலும் காமா வந்தால், அது அறையிலிருந்து அல்லது கருவியிலிருந்து வருவது.